மாட்டுக்காரர் வீட்டுக்கு நான் வைத்த வருடம்

1

கடந்த ஒக்டோபர் 9ஆம் திகதி, வியாழக்கிழமை, பின்னேரம் நாலே காலுக்கு என் மகள் ஜெசிந்தா பாடசாலைக் கொப்பியை மேசையில் விரித்து வைத்தாள். அவளுக்கு ஒன்பது வயது. எனக்குப் பின்னால் தாயோடு டென்மார்க்குக்கு வந்து இருபது மாதம். கொப்பியில் டெனிஷில் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். கீழே ஆசிரியை பச்சை மையில் ஒரு சிரித்த முகம் கீறியிருந்தார். வகுப்போடு போய்ப் பார்த்த, பழைய மாட்டுக்காரர் வீடு நின்ற இடத்தைப் பற்றிய கட்டுரை அது.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். இரண்டாவது வரியிலேயே வீடு கட்டப்பட்ட ஆண்டு இருந்தது. சிவப்புப் பேனையை எடுத்து அந்த ஆண்டை வெட்டினேன்.

"ஏன் வெட்டினீர்கள்? அது அங்கே நட்ட கல்லில் இருக்கிறது" என்று டெனிஷில் கத்தினாள்.

"கல்லிலை இருந்தா சரியோ? அது பிழை, பிள்ளை."

"எல்லோரும் அதைப் பார்த்துத்தான் எழுதினோம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

குசினிக்குள்ளிருந்து மனைவி பிலோமினா எட்டிப் பார்த்தாள். "டீச்சர் சரியெண்டு விட்டதை வெட்டிறதுக்கு நீங்கள் ஆர்? வித்தியாதிபதியோ?"

பிள்ளை அழுதுகொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இங்கே பிள்ளைகள் கதவைச் சாத்தினால் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தட்டினேன். திறக்கவில்லை.

அந்த ஆண்டு பிழை என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதை வைத்தவன் நான்தான். ஊரில் இருக்கும் உங்களுக்காவது இதை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். இங்கே கேட்பதற்கு ஆள் இல்லை.

2

மன்னார் அரசாங்கக் கச்சேரியில் பதினொரு வருடம் பதிவேடு எழுதும் லிகிதராக இருந்தேன். என் பொறுப்பில் இருந்தது மாட்டுக்குறிப் பதிவேடு. யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் மாடுகள் பட்டி பட்டியாகக் காட்டில் மேயும். எந்த மாடு யாருடையது என்பதற்குக் காய்ச்சிய இரும்பால் தொடையில் குறி சுடுவார்கள். தகப்பனுடைய குறியோடு ஒரு புள்ளியோ கோடோ சேர்த்தால் அது மூத்த மகனுடையது. இன்னொரு வளைவு சேர்த்தால் இளையவனுடையது. ஒரு குறியைப் பார்த்து இது இன்னாருடைய பேரனின் மாடு என்று என்னால் சொல்ல முடியும்.

பதிவேட்டில் ஒரு குறை இருந்தது. ஒரு குறி எப்போது தொடங்கியது என்று எழுத அதில் இடமில்லை. நானாகவே ஓரத்தில் ஒரு கோடு கீறி, வருகிறவர்களிடம் எத்தனை தலைமுறை என்று கேட்டு, கணக்குப் பார்த்து ஓர் ஆண்டைக் குறித்து வைப்பேன். ஆனால் பென்சிலால். பத்திரம் பார்த்துப் பதிந்தது மையில், கேட்டு ஊகித்தது பென்சிலில். பதினொரு வருடத்தில் ஒருநாளும் இதை மாற்றியதில்லை. மேலதிகாரிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பிலோமினா பட்டிக்காரர் வீட்டுப் பெண். காட்டோரம், மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் கட்டிய மண்வீட்டில்தான் பிறந்தாள். பிறப்பைப் பதிய ஒருவரும் பட்டணத்துக்குப் போகவில்லை. மாரி கடுமையாக இருந்த ஒரு வருடம், சிவத்தப் பசு கன்று போட்ட அன்று என்பதுதான் அவளுடைய பிறந்த திகதி. இங்கே வந்திறங்கியபோது விசாரித்த அதிகாரி திகதி கேட்டார். பசுவின் கதையைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு "ஜனவரி முதலாம் திகதி" என்று எழுதினார். திகதி தெரியாத எல்லோருக்கும் அதுதானாம். திருத்தச் சொல்லி இதுவரை நாலு கடிதம் எழுதிவிட்டேன். சரியான திகதிக்கு அத்தாட்சி அனுப்பும்படி நாலுக்கும் ஒரே பதில். பிழையான திகதிக்கு யாரும் அத்தாட்சி கேட்கவில்லை.

இந்த வருடம் ஜனவரி முதலாம் திகதி காலை, என்னோடு வேலை செய்யும் இங்கர் கேக்கோடும் சின்னச் சின்னக் கொடிகளோடும் வந்து கதவைத் தட்டினாள். நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். பிலோமினா என் கையில் தட்டைத் திணித்தாள்.

"பேசாமல் தின்னுங்கோ. பிறந்தநாள் பொய்யெண்டாலும் கேக் உண்மைதானே."

3

இங்கரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐம்பத்து மூன்று வயது. துணி ஆலையில் என் பக்கத்து மேசை. நான் விரிப்பை மடித்துத் தள்ளுவேன், அவள் கட்டுவாள். சென்ற வருடம், 1985இல், ஜூன் மாதத்து ஒரு இடைவேளையில் அட்டைத் துண்டொன்றில் நான் ஊர்க் குறிகளைக் கீறிக்கொண்டிருந்தேன். மறந்துபோகாமல் இருக்க வாரம் ஐந்து குறி கீறுவது என் பழக்கம். அவள் குனிந்து பார்த்தாள்.

"இதை எங்கே பார்த்தாய்?"

"எங்கள் நாட்டில். மாட்டுக்குறி."

"என் அம்மா பிறந்த வீட்டில் இப்படி நாலு இருக்கிறது" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனாள். நாங்கள் இருக்கும் பிராண்டேயிலிருந்து ஒரு மணி நேரம். பற்றைக்காடும் மணலும் காற்றும். இடத்தின் பெயரை எழுதமாட்டேன், ஏனென்று போகப் போகத் தெரியும். பாதையோரத்தில் கூரையில்லாமல் இரண்டரைச் சுவர் நின்றது. கிட்டப் போய்க் கை வைத்தேன். மண். சுடாத, வெயிலிலும் காற்றிலும் காய வைத்த மண்கல். உடைந்த இடத்தில் வைக்கோல் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருடமாக இந்த நாட்டில் செங்கல்லையும் சீமெந்தையும் தவிர வேறொன்றையும் நான் தொட்டிருக்கவில்லை.

வாசல் உத்தரத்தில் நாலு குறிகள் வெட்டியிருந்தன. மூன்று குறிகள் ஒரே உடம்பு, ஒன்றைவிட அடுத்ததில் ஒரு கோடு கூட. நாலாவது வேறு. "ஒரு தகப்பனும் இரண்டு பிள்ளைகளும். மற்றது பெண் கொடுத்த இடமாக இருக்கும்" என்றேன்.

இங்கர் என்னை உற்றுப் பார்த்தாள். "அம்மாவும் அப்படித்தான் சொல்வாள்."

அந்த நாலு குடும்பங்களும் மாடு சாய்ப்பவர்கள். வடக்கே எருதுகளை வாங்கி, இந்தப் பற்றைக்காட்டு வழியாக வாரக்கணக்கில் நடந்து, எல்லை தாண்டித் தெற்கே ஜெர்மனியில் விற்றுவிட்டு வருவார்களாம். நடக்கிறபோது கை சும்மா இருக்கக்கூடாது என்று மாட்டுக்குப் பின்னால் காலுறை பின்னிக்கொண்டே போவார்களாம். வீட்டுக்குப் பின்னால் மாடு அடைத்த வளவின் மண் அணை இன்னும் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. புகையிரதம் வந்ததோடு அந்தத் தொழில் போயிற்று. பின்னுகிற கை மட்டும் மிஞ்சி, அந்தக் கைகளை நம்பித்தான் எங்கள் ஆலை போன்ற ஆலைகள் இந்தப் பக்கத்தில் வந்தன என்றாள் இங்கர்.

வீட்டில் நான் தேடியது ஒன்றுதான். உத்தரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சுவரடியைத் துடைத்துப் பார்த்தேன். எங்கேயும் ஓர் ஆண்டு வெட்டியிருக்கவில்லை.

4

ஓகஸ்ட் மாதம் இங்கருக்கு ஒரு கடிதம் வந்தது. நிலம் அந்த ஊர் நகரசபையுடையது. கொமூன் என்பார்கள். இடிந்த சுவர்கள் ஆபத்தானவை, இலையுதிர் காலத்தில் அகற்றப்படும். அதற்கு முன் செப்டம்பர் 17ஆம் திகதி ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். சுவர் உண்மையில் பழையது, தானாக நிற்கக்கூடியது என்று கண்டால் விட்டுவைக்கலாம்.

"என் அம்மாவின் சாமான் ஒன்றுகூட என்னிடம் இல்லை. இந்தச் சுவர்தான்" என்றாள் இங்கர். டெனிஷ்காரர் அதிகம் கதைக்கமாட்டார்கள்.

ஓகஸ்ட் கடைசியில் விடாமல் மழை பெய்தது. மழை விட்ட ஒரு சனிக்கிழமை பிலோமினாவையும் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அவள் சுவரின் தெற்குப் பக்கத்தைப் பார்த்தாள். மழை மண்ணை அரித்து, காலடியில் சேறாகக் கிடந்தது.

"இந்த மழைக்கு இது ஒரு மாதம் தாங்காது" என்றாள். "மெழுகி எத்தினை வருசமோ. பாக்கவே வயிறெரியுது. மனிசர் பாத்துக்கொண்டே இருக்குதுகள்!"

மண்சுவருக்கு மாரிக்கு முன் மண்ணும் சாணியும் பூசி மெழுகுவது எங்கள் ஊரில் யாரும் சொல்லிச் செய்கிற வேலை அல்ல. மெழுகாமல் விட்ட வீட்டை ஆளில்லாத வீடு என்பார்கள். அதிகாரி வருகிறபோது வீடு ஆளில்லாத வீடாக இருக்கக்கூடாது என்று இருவருக்கும் பட்டது. அடுத்த கிழமைக் கடைசியில் இங்கர் தங்கையைப் பார்க்க நாலு நாள் வெளியூர் போனாள். வருகிறபோது பார்த்துச் சந்தோசப்படட்டும் என்று நினைத்தோம்.

செப்டம்பர் 7ஆம் திகதி சனிக்கிழமை, பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் இருக்கும் எங்கள் ஊர் அந்தோனி அண்ணை தன் பழைய வானைக் கொண்டு வந்தார். பக்கத்துப் பண்ணையில் சாணி கேட்டோம். எந்தத் தோட்டத்துக்கு என்று பண்ணைக்காரன் கேட்டான். சுவருக்கு என்றேன். மூன்று தரம் திருப்பிக் கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே ஆறு வாளி அள்ளித் தந்தான்.

பிலோமினா ஒரு பிடியை எடுத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இதென்ன சாணி, கையிலை நிக்குதில்லை. மாட்டுக்குப் புல்லைக் குடுக்காமல் என்னத்தைக் குடுக்கினம்?"

"பிள்ளை, நீ மாட்டைத் திட்டாதை, அதுக்கும் எங்களைப்போலை இந்த நாட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை" என்றார் அந்தோனி அண்ணை. பிறகு என் பக்கம் திரும்பினார். "கச்சேரியிலை பேனை பிடிச்ச கை, இண்டைக்கு என்ன பிடிக்குது பாத்தியளோ?"

ஓடைக்கரைக் களிமண்ணை வெட்டி, வைக்கோல் நறுக்கிப் போட்டு, பிலோமினா சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்தக் குளிரில் வெறுங்காலோடு மிதித்தாள். ஒரு இரவு புளிக்க விட்டோம். அடுத்த நாள் ஞாயிறு, மாதாவின் பிறந்தநாள். பூசைக்குக்கூடப் போகவில்லை. "மாதாவுக்கே திகதி இருக்கு. எனக்குத்தான் இல்லை" என்று சொல்லிச் சொல்லிப் பூசினாள். சுவர் முழுவதும் உள்ளங்கையால் வளைவு வளைவாக இழுத்தாள். இந்த நாட்டில் அவள் பாடியதை நான் முதன்முதலில் கேட்டது அன்றுதான். ஜெசிந்தா மட்டும் வானுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தாள். யாராவது வகுப்புப் பிள்ளைகள் சைக்கிளில் வந்துவிடுவார்களோ என்பது அவளுடைய பயம்.

அன்று என் நாட்குறிப்பில் எழுதியது: தெற்குச் சுவர் முழுதும், மேற்குச் சுவரில் பாதி, வாசல் நிலை இரு பக்கமும். உத்தரம் தொடவில்லை.

5

இங்கர் செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தாள். சுவரில் கன்னத்தை வைத்து முகர்ந்தாள்.

"அம்மா சொன்ன வாசம்" என்றாள்.

பிலோமினா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இங்கர் மெதுவாகக் கேட்டாள்.

"தாஸ், பதினேழாம் திகதி அந்த மனிதன் எதைப் பார்க்கப் போகிறான்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய மண்கல்லைப் பார்க்க வருகிறவனுக்கு வாசல் பக்கத்தில் எங்கள் பூச்சைத் தவிர ஒன்றும் கண்ணில் படாது. ஒரு ஓரத்தில் சுரண்டிப் பார்த்தேன். பூச்சோடு பழைய கல்லும் சேர்ந்து பெயர்ந்தது. பிலோமினா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "மெழுகினதைச் சுரண்டிறதோ? தரித்திரம்."

17ஆம் திகதி காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர், வயது முப்பதுக்கு மேல் இருக்காது. சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து வாசல் பக்கத்தில் நாலு இடத்தில் குத்தினார். நாலு இடத்திலும் கத்தியில் ஈரக் களிமண் வந்தது.

"இது புதிது" என்றார்.

"பூச்சு புதிது. சுவர் பழையது" என்றேன்.

"பூசியது யார்?"

"நாங்கள்."

"அனுமதி எடுத்தீர்களா?"

"மழை வந்துகொண்டிருந்தது."

அவர் எழுதிக்கொண்டார். மழை என்று எழுதவில்லை என்று மட்டும் தெரிந்தது. இது புராதனச் சின்னம் என்றால் தொட்டிருக்கக்கூடாது. தொட்டிருக்கிறார்கள் என்றால் இது அனுமதியில்லாமல் கட்டிய கொட்டில். இரண்டு வகையிலும் நிற்க முடியாது. இதை அவர் மிக அன்பாக விளங்கப்படுத்தினார். போகும்போது, ஏதாவது சொல்ல இருந்தால் பதினான்கு நாளுக்குள் படிவத்தில் எழுதி அனுப்பலாம் என்று ஒரு தாளைத் தந்தார்.

ஐந்து இரவு அகராதியோடு இருந்து எழுதினேன். பதினொரு பந்தி. எந்தச் சுவரில் எத்தனை அடி எந்தத் திகதியில் பூசினோம், எது பூசப்படவில்லை, உத்தரத்துக் குறிகள் ஒன்றிலிருந்து ஒன்று எப்படிப் பிறந்தன, எல்லாம். ஒன்பதாவது பந்தியில், இங்கரின் தாயிலிருந்து பின்னோக்கித் தலைமுறைகளை எண்ணி, வீடு இன்ன ஆண்டளவில் கட்டப்பட்டிருக்கலாம் என ஊகிக்கிறேன், எழுத்து அத்தாட்சி எதுவும் இல்லை என்று எழுதினேன். அந்த ஆண்டைப் பென்சிலால்தான் எழுதப் போனேன். படிவத்தின் தலையில் 'மையில் மட்டும் நிரப்பவும்' என்று இருந்தது. பென்சிலை வைத்துவிட்டுப் பேனையை எடுத்தேன். பதினொரு வருடத்துப் பழக்கத்தை அந்த ஒரு வரிக்காக விட்டேன்.

கடிதம் கிடைத்தது, முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது.

ஒக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை இயந்திரம் வந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு நானும் பிலோமினாவும் இங்கரும் போனோம். பூசாத வடக்குச் சுவர் தொட்டவுடன் சரிந்தது. பிலோமினா மெழுகிய தெற்குச் சுவருக்கு நாலு தரம் இடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு இடிக்கும் அவள் என் கையை இறுக்கினாள். விழுந்தபிறகு சொன்னாள்:

"மழைக்கு நிண்டிருக்கும்."

இங்கர் உத்தரத்தைக் கேட்டு வாங்கினாள். அது இப்போது அவளுடைய வாகனக் கொட்டிலில், பனிக்காலத்துக் கார்ச் சில்லுகளுக்குப் பின்னால் சாத்திக் கிடக்கிறது.

6

இந்த வருடம் ஜூன் மாதம் அந்த இடத்தில் கொமூன் ஒரு கல் நட்டது. இங்கரே வந்து சொன்னாள். அவளுக்குச் சந்தோசம். போய்ப் பார்த்தேன். இந்த இடத்தில் மாடு சாய்ப்பவர்களின் மண்வீடு நின்றது, கட்டப்பட்ட ஆண்டு இன்னது. அவ்வளவுதான். குறிகள் இல்லை, நாலு குடும்பம் இல்லை, 'அளவில்' இல்லை, 'ஊகம்' இல்லை. ஒன்பதாவது பந்தியில் இருந்து அந்த ஆண்டை மட்டும் பிடுங்கி எடுத்து வெட்டியிருந்தார்கள்.

கொமூனுக்குப் போனேன். முகப்பில் இருந்த பெண் கோப்பை எடுத்து வந்தாள்.

"கல்லில் இருக்கும் ஆண்டு பிழையாக இருக்கலாம். என்ன ஆதாரத்தில் வெட்டினீர்கள்?" என்று கேட்டேன்.

தாள்களைப் புரட்டினாள். "பொதுமக்களில் ஒருவர் எழுதிய கடிதம் இருக்கிறது." திருப்பிக் காட்டினாள். என் கையெழுத்து.

"அது நான் எழுதியது."

"அப்படியா!" அவளுக்கு முகம் மலர்ந்தது. "அப்போது நீங்களே சொல்லியிருக்கிறீர்களே."

"நான் ஊகம் என்று எழுதினேன். இன்னொரு கடிதம் தருகிறேன்."

"தரலாம். ஆனால் இது கோப்பு மூடுவதற்கு முன் வந்தது. அது மூடியபின் வருகிறது." சற்று யோசித்துவிட்டு, "மாற்ற வேண்டுமென்றால் சரியான ஆண்டுக்கு அத்தாட்சி வேண்டும்" என்றாள்.

அந்த வசனம் எனக்கு மனப்பாடம். நாலு தரம் பதிலாக வந்த வசனம்.

இங்கரிடம் போய்ச் சொன்னேன். அவள் கோப்பியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"சுவர் போய்விட்டது, தாஸ். ஒரு ஆண்டாவது இருக்கட்டுமே. எனக்கு அந்த ஆண்டு பிடித்திருக்கிறது."

"பிடிக்கிறதுக்கு அது என்ன கேக்கா?" என்று கேட்க வந்தது. டெனிஷில் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கோப்பியைக் குடித்தேன். அவளுடைய தாய் வீட்டைப் புதிய வீடாக்கி இடிக்க வைத்தவன், அவளிடம் எந்த முகத்தோடு வாதாடுவது?

இப்போது என் மகளின் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் கொப்பியிலும் அந்த ஆண்டு ஏறிவிட்டது. இனி அவர்களின் பிள்ளைகளும் எழுதுவார்கள்.

அந்த வியாழக்கிழமை ஆறு மணிக்கு ஜெசிந்தா கதவைத் திறந்தாள். கொப்பியையும் அழிறப்பரையும் கொண்டு வந்து முன்னால் நின்றாள். இந்தமுறை தமிழில் கேட்டாள்.

"அப்ப எந்த வருசம் எண்டு எழுத?"

"தெரியாது எண்டு எழுது."

"தெரியாது எண்டு எழுதினா டீச்சர் பிழை போடுவா."

பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பிள்ளையின் பக்கத்தில் இருந்தாள். "எனக்கு ஜனவரி ஒண்டெண்டு எழுதினவைக்கு ஆரும் பிழை போட்டவையோ? நீ கல்லிலை உள்ளதை எழுது, குஞ்சு. ஆனால் அப்பா சொல்லுற மாதிரி எழுது."

நான் என் சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்தேன். சிவப்புக் கோட்டுக்கு மேலே, சின்னதாக, நாலு இலக்கத்தையும் பென்சிலால் எழுதினாள். எழுதிவிட்டு டெனிஷில் கேட்டாள்: "ஏன் பென்சில்?"

பென்சிலைத் திருப்பி வாங்கி என் சட்டைப் பையில் வைத்தேன்.

உங்களிடம் ஒன்று. நாள், கிழமை, வாளிக் கணக்குவரை எல்லாம் எழுதியவன், அந்த ஆண்டையும் அதைக் காட்டிக்கொடுக்கும் இடத்தின் பெயரையும் மட்டும் இந்தக் குறிப்பில் எங்கேயும் எழுதவில்லை. கவனித்திருப்பீர்கள். மறந்துபோய் அல்ல. அச்சுக்கூடத்தில் பென்சில் இல்லை.